மின்காரைக் கழுவும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் திருவண்ணாமலையில் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் வரிசைதான். செங்கம் ரோடு, போளூர் ரோடு, திண்டிவனம் ரோடு, எங்கே பார்த்தாலும் இதே நிலைமை. திருவிழாவுக்கு வந்துபோன லட்சக்கணக்கானவர்களின் காலடிப் புழுதி, கார்த்திகை மழையின் சேறு, பூஜை போட்ட வண்டிகளில் காய்ந்து ஒட்டிய சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் ஊர் பழைய வேலைக்குத் திரும்பும்.

அந்த வரிசையில் பச்சை நம்பர் பிளேட் போட்ட வண்டி வந்தால் மட்டும், பிரஷர் கன் பிடித்திருக்கும் தம்பி கொஞ்சம் யோசிப்பார். "அண்ணா, இது கரண்ட் வண்டியாச்சே. தண்ணி அடிக்கலாமா? ஷாக் ஏதாச்சும் அடிச்சிடப் போவுது" என்பார். மின்கார் வைத்திருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். மின்கார் புக் செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கா, கனடா என்று போய்வரும் சொந்தக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "அங்கே பிரஷ் சுத்துற டனலுக்குள்ள காரையே இழுத்துட்டுப் போவுதே, அதுல மின்காரை விடலாமா?" என்கிறார்கள்.

இரண்டு கேள்விக்கும் என் பதில், தாராளமாக விடலாம். கழுவும் தண்ணீரால் மின்காருக்கும் ஆபத்தில்லை, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்தில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய வேறு சில விஷயங்கள் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகிறது.

தண்ணீரும் கரண்டும்

முதலில் அந்தத் தம்பியின் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும். வீட்டில் ஓடுவது 230 வோல்ட். அதற்கே நாம் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம். மின்காரின் பெரிய பேட்டரியோ பெரும்பாலும் 300 வோல்ட்டைத் தாண்டும். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கும் ஒருவர் அதைப் பார்த்துத் தயங்குவது நியாயம்தான்.

ஆனால் வீட்டுக் கரண்ட் வேறு, கார் கரண்ட் வேறு. வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் ஒரு பக்கம் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நாம் ஈரக்கையால் லைன் கம்பியைத் தொட்டால், நம் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கிச் சுற்று முழுமையாகிவிடுகிறது. ஷாக் அடிப்பது அப்படித்தான். மின்காரில் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டுமே காரின் இரும்பு உடம்பைத் தொடாமல் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. டார்ச் லைட்டுக்குள் இருக்கும் செல்லைப் போல, சுற்று தனக்குள்ளேயே முடிந்துவிடும். அந்தத் தடுப்பு எங்காவது பலவீனமானால் கண்டுபிடிக்கவே ஒரு கண்காணிப்பு அமைப்பும் காரில் இருக்கிறது. அளவு குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். காரை ஆஃப் செய்ததும் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ரிலேக்கள் திறந்துகொள்ளும். அதன் பிறகு உயர் மின்னழுத்தம் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

சார்ஜ் போடும் இடத்தில் தண்ணீர் பட்டால்? அந்தப் பின்களில் எப்போதும் கரண்ட் நிற்பதில்லை. சார்ஜரும் காரும் சிக்னல் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசி, எல்லாம் சரி என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மின்சாரம் வரும். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கழுவிய கையோடு சார்ஜ் போடுவதாக இருந்தால் உள்ளே ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை அன்று அந்த மூடிக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. வைக்கட்டும், நல்லதுதான். மூடிக்கு வெளியே வைத்தால் சரி, சந்தனமும் விபூதியும் உள்ளே பின்களின் மேல் விழக்கூடாது.

பேட்டரிக்கு ஐபி67 என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. மின்வாகனப் பாதுகாப்புக்கு ஐ.நா. அமைப்பின் கீழ் 2018-ல் வந்த ஜிடிஆர் 20 என்ற உலக விதியில், காரைக் கழுவுவதே ஒரு சோதனையாக எழுதப்பட்டிருக்கிறது. கதவு, கண்ணாடி, விளக்கு, மூடி என்று இணைப்பு இருக்கும் இடமெல்லாம் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். இன்னொரு சோதனையில் 10 செ.மீ. தண்ணீரில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 500 மீட்டர் ஓட்டுவார்கள். அதன் பிறகும் மின்காப்பு கெடாமல் இருக்க வேண்டும். ஆக, கார் கழுவப்படும், மழையில் போகும் என்று எதிர்பார்த்தே இந்த வண்டிகளை வடிவமைக்கிறார்கள்.

டனலுக்குள் என்ன நடக்கிறது

என் தங்கை குடும்பம் டொரன்டோ நகரின் ஸ்கார்பரோவில் இருக்கிறது. நம் தமிழர்கள் நிறைய வாழும் பகுதி. பிப்ரவரி மாதத்தில் அங்கே சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். காரின் அடிப்பக்கம் முழுக்க உப்பு படிந்து, விட்டால் துரு பிடித்துவிடும். அதனால் குளிர்காலத்தில் அடிக்கடி கழுவியே ஆக வேண்டும். வாசலில் குழாயைத் திறந்து கழுவினால் தண்ணீர் தரையிலேயே உறைந்துவிடும். ஆகவே எல்லோரும் கன்வேயர் வாஷுக்குத்தான் போகிறார்கள். தங்கை மகள் தன் டெஸ்லாவில் என்னை அங்கே அழைத்துப் போனாள்.

வாசலில் இருப்பவர் கை காட்டக் காட்ட, ஒரு பக்கச் சக்கரங்களைத் தரையில் பதித்திருக்கும் தடத்துக்குள் விட வேண்டும். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கையும் விட்டுவிட வேண்டும். தடத்தில் ஓடும் சங்கிலியோடு சேர்ந்து ஓர் உருளை எழும்பி வந்து டயருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துக் காரைத் தள்ளிக்கொண்டே போகும். ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகத்தான் நகரும். முதலில் அழுக்கை ஊறவைக்கும் நீர், அப்புறம் நுரை, மேலிருந்து தொங்கும் துணிப்பட்டைகள், பக்கவாட்டில் சுழலும் பிரஷ்கள், அடியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர், அலசல், கடைசியில் பெரிய காற்றாடிகளின் வீச்சு. உள்ளே உட்கார்ந்திருந்தால் அடைமழையில் மாட்டிக்கொண்ட மாதிரி கண்ணாடியெல்லாம் மறைந்துவிடும். அவள் பதற்றமே இல்லாமல், "இனிமேல் எதையும் தொடக் கூடாது மாமா, அதுவே கொண்டுபோய் விட்டுடும்" என்றாள்.

இந்த முறையின் தொடக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட். ஃபோர்டு நிறுவனம் 1913-ல் நகரும் வரிசையில் கார் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதே ஊரில் 'ஆட்டோமொபைல் லாண்டரி' என்று ஒன்று திறந்தார்கள். அங்கே காரை ஆட்கள்தான் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் இடத்தில் சோப்பு, அடுத்த இடத்தில் அலசல், அதற்கடுத்து துடைப்பு. தள்ளும் வேலையைச் சங்கிலியும் மோட்டாரும் எடுத்துக்கொண்டது பிறகுதான். அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றே: கார் தடையில்லாமல் உருள வேண்டும்.

மின்காருக்குச் சிக்கல் வருவது சரியாக இந்த இடத்தில்தான்.

தானாக நின்றுவிடும் கார்

கியர் போட்டு ஓட்டும் நம் பழைய கார்களில் கியரை எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி உருளும். மின்கார்கள் பலவற்றில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ, கதவைத் திறந்தாலோ, சீட்டிலிருந்து எழுந்தாலோ, வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று தானாகவே பார்க்கிங் பிரேக் போட்டுக்கொள்ளும் கார்கள் உண்டு. ஆட்டோ ஹோல்டு ஆனில் இருந்தால் நின்ற இடத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். எதிரே தடை வந்தால் தானே பிரேக் அடிக்கும் வசதி உள்ள கார், சுழலும் பிரஷைப் பார்த்து ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று நினைக்கலாம். சாலையில் உயிர் காக்கும் வசதிகள் இவை. டனலுக்குள் மட்டும் இவை நமக்கு எதிராகத் திரும்பிவிடும். நடுவில் கார் பிரேக் பிடித்தால் உருளை டயரை நெருக்கும், சக்கரம் தடத்தை விட்டு விலகும். பின்னால் வரும் காரையோ சங்கிலி தள்ளிக்கொண்டே இருக்கும். டனலில் மின்காருக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து இப்படித் தானாக நின்றுவிடுவதுதான்.

நிறுவனங்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. டெஸ்லாவில் இதற்கென்றே 'கார் வாஷ் மோட்' இருக்கிறது. வண்டி நின்றிருக்கும்போது திரையில் அதைத் தொட்டால் கண்ணாடிகள் ஏறிக்கொள்ளும், சார்ஜிங் மூடி பூட்டிக்கொள்ளும், வைப்பர் வேலை செய்யாது, பார்க்கிங் சென்சார் கத்தாது. கன்வேயருக்கென்று 'ஃப்ரீ ரோல்' என்ற தேர்வும் உண்டு. பிரேக்கை மிதித்தபடி அதைத் தொட்டால் கார் நியூட்ரலில் நிற்கும், ஓட்டுநர் எழுந்தாலும் பார்க்குக்கு மாறாது. வேகம் மணிக்கு 15 கி.மீ.யைத் தாண்டினால் இந்த மோட் விலகிவிடும். ஹூண்டாய் ஐயானிக் 5 போன்ற கார்களில் ஆட்டோ ஹோல்டையும் பார்க்கிங் பிரேக்கையும் எடுத்துவிட்டு நியூட்ரலுக்கு மாற்றி, ஸ்டீயரிங்கில் உள்ள ஓகே பொத்தானை அழுத்திப் பிடித்தால், வண்டியை ஆஃப் செய்தாலும் நியூட்ரலிலேயே இருக்கும். டாடா டியாகோ ஈவியில் ஹேண்ட் பிரேக்கே கையால் இழுப்பதுதான், அதில் வேலை சுலபம்.

டனலுக்குள் போகும் முன் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். தானியங்கி வைப்பரை அணைத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்குங்கள். சார்ஜிங் மூடியைத் தொட்டுப் பாருங்கள். ஆட்டோ ஹோல்டையும் தானாகப் பிரேக் அடிக்கும் வசதியையும் நிறுத்துங்கள். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் கால், கை இரண்டையும் எடுத்துவிடுங்கள். வெளியே வரும்வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கதவைத் தொடாதீர்கள்.

நம் ஊரில் நியூட்ரல் எதற்கு

"நம்ம ஊர்ல ஏது டனல்? இதெல்லாம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பௌர்ணமிக்கு இங்கே வந்து பாருங்கள், புரியும். 14 கி.மீ. கிரிவலப் பாதையில் மக்கள் நடந்துகொண்டிருக்க, ஊர் எல்லையில் இருக்கும் தற்காலிக பார்க்கிங்குகளில் கார்கள் நெருக்கியடித்து நிற்கும். ஆம்புலன்ஸுக்கு வழிவிட வேண்டும், உள்ளே மாட்டிய வண்டியை எடுக்க வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து குறுக்கே நிற்கும் காரைத் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் காரை எப்படி உருள விடுவது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் எல்லோருக்கும் கஷ்டம்.

இன்னொரு விஷயமும் சேர்த்துச் சொல்கிறேன். பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பதும் நியூட்ரலுக்கு மாறுவதும் மின்னணு முறையில் இயங்கும் கார்களில், அந்த வேலைக்குச் சின்ன 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் 12 வோல்ட் தீர்ந்துபோனால் கார் அசையாது. அதற்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கும் முறை கையேட்டில் இருக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி ஊர்வரை இழுத்துப் போகவும் கூடாது. நிரந்தர காந்தம் உள்ள மோட்டார், சக்கரம் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும். கன்வேயரின் ஆமை வேகத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகள் கெட்டுப்போகும். நாலு சக்கரமும் தரையில் படாதபடி ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றுவதுதான் சரி.

வாட்டர் சர்வீஸ் கடையில்

இப்போது நம் கடைகளுக்கு வருகிறேன். என் அக்கறை முழுக்க இங்கேதான்.

முதலில் லிஃப்ட். பல கடைகளில் நடுவில் ஒற்றைத் தூணாக எழும்பும் ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கும். அது காரை அடிப்பக்கத்தின் நடுவில் தாங்கித் தூக்கும். மின்காரில் அதே இடத்தில்தான் பேட்டரி படுத்திருக்கிறது. முழு வண்டியின் எடையும் பேட்டரிப் பெட்டியின் மேல் விழுந்தால் பெட்டி நசுங்கலாம், மேலே சொன்ன ஐபி67 எல்லாம் அதோடு போயிற்று. லிஃப்ட்டின் கை, காரின் இரு ஓரங்களிலும் ஜாக்கி வைக்கும் இடத்தில் மட்டுமே உட்கார வேண்டும். அப்படி உட்காராது என்றால் லிஃப்ட் வேண்டாம், தரையிலேயே நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள்.

அடுத்து, "இன்ஜினுக்கும் தண்ணி அடிச்சிடவா?" என்ற கேள்வி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரியும். உயர் மின்னழுத்தம் ஓடும் வழி அது. காரின் வெளிப்பக்கத்தைக் கழுவுவது வேறு, பிரஷர் கன்னை கேபிள் இணைப்புக்கு நேராகப் பிடிப்பது வேறு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெளியே கழுவும்போதும் சார்ஜிங் மூடி, கேமரா, சென்சார் இவற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். கழுவி முடித்ததும் அடிப்பக்கம் துரு பிடிக்காமல் இருக்க டீசலோ ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. மின்காருக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். ரப்பர் சீல்களுக்கும் கேபிள் உறைகளுக்கும் எண்ணெய் நல்லதல்ல. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

இனி முக்கியமான விஷயம். அந்தக் கடையில் ஷாக் அடிக்கும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது, ஆனால் அது காரிலிருந்து வருவதில்லை. பிரஷர் பம்பை ஓட்டும் மோட்டார் பூமியோடு இணைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. அதன் ஒயர் பல இடங்களில் ஈரத்தரையிலேயே கிடக்கிறது. நடுவில் டேப் சுற்றிய ஒட்டு, மழை படும் இடத்தில் சுவிட்ச் போர்டு, எர்த் இணைப்பு இல்லாத பிளக். அதன் நடுவே முழங்கால்வரை நனைந்து, சில சமயம் வெறுங்காலோடு அந்தத் தம்பி நிற்கிறார். என் காரைப் பார்த்து அவர் தயங்குகிறார். தினமும் தாண்டிப் போகும் அந்த ஒயரைப் பார்த்துத் தயங்குவதில்லை. அதைச் சரிசெய்ய பெரிய செலவும் இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டித்துவிடும் ஈஎல்சிபி ஒன்று, ஒழுங்கான எர்த், ஒயரைச் சுவரோடு மேலே கொண்டுபோவது, காலுக்கு ரப்பர் பூட்ஸ். ஓர் உயிருக்கு முன் இந்தச் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை.

கழுவுவது வேறு, வெள்ளம் வேறு

கழுவலாம் என்று இவ்வளவு தைரியமாகச் சொன்ன பிறகு ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையை இந்த ஊர் மறக்காது. மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். செங்கத்தைத் தாண்டி ஊத்தங்கரையில், நிறுத்தியிருந்த வாகனங்களையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அந்த மாதிரி நேரத்தில் ஐபி67-ஐ நம்பி இறங்கவே கூடாது. அந்த எண் புதுப் பெட்டிக்கு, அசையாத நல்ல தண்ணீரில், 30 நிமிடத்துக்கு என்று செய்த சோதனை. வெள்ள நீர் சேறும் உப்பும் சாக்கடையும் கலந்தது, மணிக்கணக்கில் நிற்பது, கல்லையும் கட்டையையும் கொண்டுவந்து மோதுவது. நின்ற கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி ஃபிளாட்பெட்டில் ஏற்றி அனுப்புங்கள். அதுவரை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் தள்ளி நிறுத்துங்கள். உப்பு கலந்த நீர் பேட்டரிக்குள் புகுந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம்.

மின்கார் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த வாரம் ஒரு நாள் சமதரையில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, உங்கள் காரை நியூட்ரலில் போட்டு நாலடி தள்ளிப் பாருங்கள். கையேட்டில் அந்த முறை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். மின்கார்கள் இனி வந்துகொண்டேதான் இருக்கும், பயமில்லாமல் கழுவுங்கள். அடுத்த தீபக் கூட்டத்துக்கு முன் ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஈஎல்சிபியும் எர்த்தும் போட்டுவிடுங்கள். காரை விடுகிற நாமும் சாவியைக் கொடுக்கும் முன் கேட்கலாம்: "அண்ணே, பம்புக்கு ஈஎல்சிபி போட்டிருக்கீங்களா?" பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் போட்டுவிடுவார்கள்.